கூட்டுபேரம் என்றால் என்ன? வி.வி. கிரியின் வாழ்க்கை வழியாக ஒரு விளக்கம்

வி.வி. கிரி என்றால் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது பொது அறிவு வினா விடையில் படித்த ஒரு வரிதான்: இந்தியாவின் நான்காவது குடியரசுத் தலைவர், சுயேச்சையாக நின்று ஜெயித்தவர். அதற்கு முன்பு அவர் ரயில்வே தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டினார், சிறைக்குப் போனார், சென்னை மாகாணத்திலும் பிறகு டெல்லியிலும் தொழிலாளர் அமைச்சராக இருந்தார், வங்கி ஊழியர் சம்பளத் தீர்ப்பில் அரசு கை வைத்ததால் அந்த மத்திய அமைச்சர் பதவியை உதறினார். 1957ல் இந்தியத் தொழிலாளர் பொருளியல் கழகம் தொடங்கப்பட்டபோது அதை முன்னின்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர். பட்டம் வாங்கிய பொருளாதார நிபுணர் கிடையாது, படித்தது சட்டம். ஆனால் ஒரு தொழிலாளியின் சம்பளத்தை யார், எங்கே உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும் என்ற கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை. அதற்கு அவர் வைத்திருந்த பதில் கூட்டுபேரம். அவர் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டு போனால் இந்த விஷயம் ஓரளவு புரிந்துவிடும்.

முதலில் அடிப்படை. ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையில் ஒருவர் மட்டும் போய் சம்பளம் போதவில்லை என்கிறார். "பிடிக்கலைன்னா போய்க்கோ" என்பதுதான் பதிலாக வரும். அவர் போய்விட்டால் ஆலைக்கு ஒன்றும் ஆகாது, மறுநாள் வேறொருவர் அந்த மெஷினில் நிற்பார். போனவருக்கோ அடுத்த மாத வாடகைக்கு வழியிருக்காது. ஆக, இரண்டு பேருக்கும் பேரம் பேச உரிமை இருந்தாலும் காத்திருக்கும் தெம்பு ஒருவருக்குத்தான் இருக்கிறது. சந்தைப் பொருளாதாரத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஆடம் ஸ்மித்தே 1776ல் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்: வேலைக்கு ஆளே வைக்காமல் முதலாளியால் ஓரிரு வருடம் ஓட்டிவிட முடியும், வேலையில்லாமல் ஒரு வாரம் தாக்குப்பிடிப்பது பல தொழிலாளிகளுக்கு முடியாது. சரி, அந்த ஆயிரம் பேரும் சேர்ந்து போய்க் கேட்டால்? இப்போது காத்திருப்பதில் முதலாளிக்கும் நஷ்டம் இருக்கிறது. இங்கேதான் உண்மையான பேரம் ஆரம்பிக்கிறது. சம்பளம், பஞ்சப்படி, வேலை நேரம், விடுப்பு, ஆட்குறைப்பு எல்லாவற்றையும் ஒவ்வொருவராகப் பேசாமல், பிரதிநிதிகள் மூலம் எல்லோருக்கும் சேர்த்துப் பேசி எழுத்தில் முடிப்பதுதான் கூட்டுபேரம்.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் உட்காருவதற்கு எதிர்த்தரப்பு சம்மதிக்க வேண்டுமே. கிரி சட்டம் படிக்க டப்ளினுக்குப் போன 1913ல் அந்த நகரத்தில் நடந்த பெரிய சண்டையே இதுதான். அவர் பிறந்தது 1894ல் பெர்ஹாம்பூரில். இன்றைக்கு ஒடிசா, அன்றைக்குச் சென்னை மாகாணம். அப்பாவும் வக்கீல். டப்ளினில் அந்த வருடம் முதலாளிகள் கூட்டாகச் சேர்ந்து, தொழிற்சங்கத் தலைவர் ஜேம்ஸ் லார்கினின் சங்கத்தில் இருக்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டால்தான் வேலை என்று சொல்லி ஆலைகளைப் பூட்டினார்கள். ஏறக்குறைய 20,000 தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள். மாதக்கணக்கில் நீடித்த அந்தக் கதவடைப்பு 1914 தொடக்கத்தில் தொழிலாளர்களின் தோல்வியில் முடிந்தது. சம்பளம் எவ்வளவு என்ற கேள்விக்கே அங்கே இடம் வரவில்லை, சங்கம் என்று ஒன்று இருக்கலாமா என்பதிலேயே எல்லாம் நின்றுவிட்டது. லார்கினோடு நின்ற ஜேம்ஸ் கானொலி, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சிக்குப் பிறகு சுட்டுக் கொல்லப்பட்டார். ஐரிஷ் விடுதலை இயக்கத்தோடு தொடர்பு வைத்திருந்த கிரிக்கும் நாட்டை விட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது, அதே வருடம் ஊர் திரும்பிவிட்டார்.

திரும்பி வந்தால் சென்னையிலும் அதே கதை. 1918ல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாகிறது, திரு.வி.க. அதில் முன்னணியில் இருக்கிறார். ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், தொழிலாளர்களைத் தூண்டிவிட்டு எங்களுக்கு நஷ்டம் உண்டாக்குகிறார்கள் என்று வழக்குப் போட்டு வாடியாவுக்கும் மற்றவர்களுக்கும் தடை வாங்கிவிட்டது. அதாவது சேர்ந்து கேட்பதே சட்டப்படி ஆபத்தான காரியம். இந்த வழக்கு கிளப்பிய அதிர்ச்சியிலிருந்துதான் 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்கான கோரிக்கை வலுத்தது. அந்தச் சட்டம் பதிவு பெற்ற சங்கத்துக்கு இப்படிப்பட்ட வழக்குகளிலிருந்து பாதுகாப்புக் கொடுத்தது, கிரி மாதிரி வெளியாட்களும் நிர்வாகிகளாக இருக்கலாம், பாதிக்கு மேல் போகக்கூடாது என்றது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டது. சங்கத்தைப் பதிவு செய்யலாம், சரி. அந்தச் சங்கத்தோடு முதலாளி பேசியே ஆக வேண்டுமா? அதைப் பற்றி ஒரு வரி கூடக் கிடையாது. இந்த ஓட்டையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாமே இதில்தான் வந்து மாட்டும்.

கிரி கை வைத்த இடம் ரயில்வே. வங்காள நாக்பூர் ரயில்வேயில் சங்கம் அமைத்தார், பிறகு அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராகி அதன் பொதுச் செயலாளராகப் பல வருடம் இருந்தார். 1920களின் பிற்பகுதியில் அந்த ரயில்வே ஆட்குறைப்பு செய்தபோது நடந்த வேலைநிறுத்தம் அவர் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனது. வன்முறை இல்லாமல் நடத்தி, நிர்வாகத்தையும் அரசையும் இறங்கிவர வைத்தார்கள்.

இந்த ரயில்வேயின் பெரிய பட்டறை இருந்த காரக்பூர், ரயில்வேயை நம்பியே வளர்ந்த ஊர். பொருளாதாரப் பாடம் ஒன்றை இங்கே நுழைத்துவிடலாம். அந்த மாதிரி ஊரில் உழைப்பை வாங்க ஒரே ஆள்தான் இருக்கிறார், வேறு போட்டி இல்லை. ஜோன் ராபின்சன் என்ற பொருளியலாளர் 1933ல் இந்த நிலைமையைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். ஒரு உதாரணம் பார்ப்போம், எண்கள் நானாகப் போட்டவை. 100 பேருக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் கொடுக்கும் கம்பெனி, 101ஆவது ஆள் வேண்டுமென்றால் 10,200 கொடுத்தால்தான் கிடைப்பார் என்று வையுங்கள். புதுசாக வருபவருக்கு மட்டும் கூடக் கொடுத்தால் பழையவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், அதனால் அந்த 100 பேருக்கும் 200 கூட்ட வேண்டும். ஆக அந்த ஒரு ஆளின் உண்மையான செலவு 10,200 இல்லை, 30,200. அவரால் கம்பெனிக்கு வரும் வருமானம் 15,000தான் என்றால் ஆள் எடுக்காமல் விட்டுவிடுவார்கள். சம்பளமும் ஏறாது, வேலையும் பெருகாது.

இப்போது சங்கம் உள்ளே வந்து எல்லோருக்கும் 11,000 என்று ஒப்பந்தம் போட்டுவிட்டது. 101ஆவது ஆளுக்கான கூடுதல் செலவு வெறும் 11,000, ஏனென்றால் மற்றவர்களுக்கு ஏற்கெனவே அதேதான். 15,000 வருமானம் தருபவரை 11,000க்கு எடுக்க யார் மறுப்பார்கள்? சம்பளம் ஏறியதோடு வேலையும் கூடுகிறது. இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது, பல முதலாளிகள் ஆளுக்குப் போட்டி போடும் ஊரில் கணக்கு வேறு மாதிரி வரும், சங்கம் 16,000 கேட்டு அடம்பிடித்தால் இங்கேயும் வேலை குறையும். ஆனாலும் சங்கம் வந்தாலே வேலை போகும் என்று எடுத்த எடுப்பில் சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

கிரிக்கு அடுத்த சோதனை சங்கத்துக்குள்ளேயே வந்தது. 1926ல் ஏ.ஐ.டி.யு.சி. என்ற அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவராக இருந்தவர், 1927ல் ஜெனீவாவில் நடந்த சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டுக்குத் தொழிலாளர் பிரதிநிதியாகப் போனவர். 1929ல் பிரிட்டிஷ் அரசு தொழிலாளர் நிலை பற்றி விசாரிக்க ராயல் கமிஷன் போட்டபோது, ஜவஹர்லால் நேரு தலைமையில் நாக்பூரில் நடந்த மாநாட்டில் ஏ.ஐ.டி.யு.சி. உடைந்தது. அந்நியன் போட்ட கமிஷனைப் புறக்கணிக்க வேண்டும் என்றது ஒரு பக்கம். போய் உட்கார்ந்து நம் தரப்பைச் சொல்ல வேண்டும் என்றார்கள் என்.எம். ஜோஷி, கிரி போன்றவர்கள். வெளியே வந்து தனிச் சம்மேளனம் தொடங்கினார்கள். யார் சரி என்ற சண்டையை இன்றைக்கும் போடலாம். எனக்கென்னவோ கிரியின் குணம் இதில் தெளிவாகத் தெரிகிறது: மேசை என்று ஒன்று இருந்தால் அதன் முன் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்ற ஆள்.

1937 தேர்தலில் ஜஸ்டிஸ் கட்சித் தலைவர் பொப்பிலி ராஜாவையே பொப்பிலியில் தோற்கடித்து ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரானார். 1942ல் மறுபடி சிறை. சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கையில் இந்தியத் தூதர். 1952ல் மத்தியத் தொழிலாளர் அமைச்சர். இதையெல்லாம் வேகமாகத் தாண்டிவிடலாம், ஏனென்றால் முக்கியமான விஷயம் அந்த அமைச்சர் பதவியில்தான் இருக்கிறது.

அப்போது நடைமுறையில் இருந்தது 1947 தொழில் தகராறுச் சட்டம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உற்பத்தி நிற்கக்கூடாது என்று கொண்டுவந்த விதியின் வாரிசு அது. அதன்படி தகராறு வந்தால் முதலில் அரசின் சமரச அதிகாரி இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசுவார். முடியவில்லை என்றால் அரசு நினைத்தால் 10ஆவது பிரிவின்படி விஷயத்தைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும். அனுப்பிவிட்டால் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது, தீர்ப்பு வந்தால் இருவரும் கட்டுப்பட வேண்டும். கட்டாயத் தீர்ப்பு என்று இதைச் சொல்வார்கள். கிரிக்கு இது அறவே பிடிக்காது. கட்டாயத் தீர்ப்பை அவர் போலீஸ்காரருக்கு ஒப்பிட்டார்: எங்கேயாவது முணுமுணுப்புக் கேட்டால் இரண்டு பேரையும் பிடித்து கோர்ட்டுக்கு இழுத்துப்போய், செலவும் வைத்து அரைகுறை நியாயமும் வாங்கித் தருகிறவர், அவர் திரும்பிப் போனதும் சண்டை பழையபடி தொடங்கும். இதைவிட அவருக்குப் பெரிய கவலை ஒன்று இருந்தது. சேர்ந்தால்தான் நடக்கும் என்றால் தொழிலாளி சங்கத்தில் சேருவார். வக்கீல் வைத்தாலே நடக்கும் என்றால் சங்கம் எதற்கு, சந்தா எதற்கு?

ஆகவே பேசுங்கள், முடியாவிட்டால் சமரச அதிகாரி வழியாக இன்னும் பேசுங்கள், நீதிமன்றத்துக்குத் துரத்த மாட்டோம் என்றார். இதற்கு கிரி அணுகுமுறை என்றே பெயர் வந்துவிட்டது. அரசுக்குள் எதிர்ப்பு இருந்தது ஆச்சரியமில்லை. சங்கங்களில் பெரும்பாலானவையும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் வேடிக்கை. யோசித்துப் பார்த்தால் அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. ஒரே ஆலையில் மூன்று நான்கு சங்கங்கள், ஒரு வேலைநிறுத்தத்தைப் பத்து நாள் தாங்கக்கூட நிதி கிடையாது, வேலைநிறுத்தத்தை உடைத்து வேலைக்குப் போகும் கருங்காலிகள் வாசலில் தயாராக நிற்பார்கள். அதற்கும் மேல், சங்கத்தை அங்கீகரிக்கும்படி முதலாளியைக் கட்டாயப்படுத்தும் திருத்தம் 1947லேயே நிறைவேறியும் அமலுக்குக் கொண்டுவரப்படவே இல்லை. பேச வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லாதபோது தீர்ப்பாயத்தையும் எடுத்துவிட்டால் பலவீனமான சங்கம் எங்கே போகும்? கொள்கையாகப் பார்த்தால் கிரி சொன்னது சரி, ஆனால் அங்கீகாரத்தை முதலில் சட்டமாக்காமல் அதைக் கேட்டது பாதி வேலைதான் என்பது என் கருத்து.

அந்தச் சமயத்தில் வங்கி ஊழியர் தகராறு கட்டாயத் தீர்ப்பின் எல்லாக் குறைகளையும் வரிசையாகக் காட்டிக்கொண்டிருந்தது. 1949ல் சென் தீர்ப்பாயம் போட்டார்கள். தீர்ப்பு வந்தது, 1951ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து சாஸ்திரி தீர்ப்பாயம், 1953ல் தீர்ப்பு. அதன் மேல் மேல்முறையீடு, 1954ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சில மாற்றங்களோடு முடித்தது. அப்பாடா என்று ஊழியர்கள் மூச்சு விடும்போது ஆகஸ்டில் அரசு அந்தத் தீர்ப்பையே ஊழியர்களுக்குப் பாதகமாகத் திருத்தியது. கிரி ராஜினாமா செய்தார். கட்டாயத் தீர்ப்பை எதிர்த்தவர், அதன் கீழ் வந்த தீர்ப்பை அரசு மதிக்கவில்லை என்று பதவியை விடுகிறாரே என்று முரணாகத் தோன்றலாம். எனக்கு அப்படிப் படவில்லை. வேலைநிறுத்த உரிமையைப் பிடுங்கிக்கொண்டு பதிலுக்குத் தீர்ப்பாயத்தைக் கொடுக்கிறாய், அந்தத் தீர்ப்பும் உனக்குப் பிடித்தால்தான் செல்லும் என்றால் தொழிலாளி கையில் என்ன மிச்சம்? அவருக்குப் பதிலாக அமைச்சராக வந்தவர் காண்டுபாய் தேசாய், கிரி அணுகுமுறையை ஏற்காத, காங்கிரஸ் சார்புத் தொழிற்சங்க அமைப்பான ஐ.என்.டி.யு.சி.யின் தலைவர்களில் ஒருவர். பிறகு நீதிபதி கஜேந்திரகட்கர் ஆணையம், 1955ல் தனிச் சட்டம் என்று அந்தத் தகராறு ஒருவழியாக ஓய்ந்தது.

அடுத்து நடந்தது சுவாரசியம். தீர்ப்பாயங்களில் அலைந்து அலுத்த அதே வங்கித் துறை 1966ல் நேருக்கு நேர் உட்கார்ந்து முதல் இருதரப்பு ஒப்பந்தத்தைப் போட்டது. அன்றிலிருந்து சில வருடங்களுக்கு ஒருமுறை வங்கிகளின் சங்கமும் ஊழியர் சங்கங்களும் பேசித்தான் சம்பளம் முடிவாகிறது. 2024 மார்ச்சில் கையெழுத்தானது பன்னிரண்டாவது ஒப்பந்தம், 17 சதவீத உயர்வு. கிரி சொன்ன வழி எங்கே நடந்துகாட்டியது என்று யாராவது கேட்டால் நான் முதலில் வங்கிகளைத்தான் காட்டுவேன். இன்னொன்று: 1969 ஜூலை 19ல் 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கிய அவசரச் சட்டத்தில் தற்காலிகக் குடியரசுத் தலைவராகக் கையெழுத்துப் போட்டதும் இதே கிரிதான். மறுநாள் அந்தப் பொறுப்பை விட்டுவிட்டுத் தேர்தலில் குதித்தார்.

நடைமுறையில் ஒரு பேரம் எப்படிப் போகும்? பழைய ஒப்பந்தம் முடியும் நேரத்தில் சங்கம் பொதுக்குழு கூட்டி, வாயிற்கூட்டம் போட்டு, கோரிக்கைப் பட்டியல் தயாரித்து நிர்வாகத்திடம் கொடுக்கும். பட்டியலில் 8,000 உயர்வு என்று இருக்கும். அவ்வளவு கிடைக்காது என்று கேட்பவருக்கும் தெரியும். நிர்வாகம் மூன்று வருட லாபநஷ்டக் கணக்கைக் காட்டி 1,500க்கு மேல் முடியவே முடியாது என்னும், உள்ளுக்குள் 4,000 வரை தயாராக இருக்கும். சங்கமும் உள்ளுக்குள் 3,000க்குக் கீழே இறங்குவதில்லை என்று வைத்திருக்கும். ஒப்பந்தம் விழப்போவது 3,000க்கும் 4,000க்கும் நடுவில் எங்கேயோதான். எந்த இடத்தில் விழும் என்பதை ஆர்டர் எவ்வளவு கையில் இருக்கிறது, சங்கம் எவ்வளவு நாள் தாங்கும், உற்பத்தி உயர்வுக்கு என்ன விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் முடிவு செய்யும். சங்கத்தின் கீழ் எல்லை நிர்வாகத்தின் மேல் எல்லையைவிட உயரத்தில் இருந்தால் நடுவில் இடமே கிடையாது, வேலைநிறுத்தமோ கதவடைப்போ வரும்.

கையெழுத்தாகும்போதும் ஒரு நுணுக்கம் உண்டு. தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் "பன்னிரண்டு மூணு போட்டாச்சா, பதினெட்டு ஒண்ணா?" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கலாம். 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1947 சட்டத்தின் பிரிவு எண்கள் அவை. சமரச அதிகாரி முன்னிலையில் போட்டால் 12(3) ஒப்பந்தம், அது அந்த ஆலையின் எல்லாத் தொழிலாளர்களையும், பிறகு வேலைக்குச் சேருபவர்களையும்கூடக் கட்டுப்படுத்தியது. அதிகாரி இல்லாமல் இருவரே போட்டுக்கொண்டால் 18(1), கையெழுத்திட்ட தரப்புகளை மட்டும்தான் கட்டுப்படுத்தியது. சிறுபான்மைச் சங்கம் ஒன்றைக் கையில் போட்டுக்கொண்டு நிர்வாகம் 12(3) போட முயன்றால் ஏன் அவ்வளவு கலவரம் ஆனது என்பது இப்போது புரியும்.

அந்த 1926 ஓட்டை என்ன ஆனது? 1958ல் ஒழுங்கு நெறி என்று ஒன்றைக் கொண்டுவந்து, விருப்பப்பட்டு அங்கீகரியுங்கள் என்றார்கள். விருப்பம் இருந்தவர்கள் செய்தார்கள். மத்தியச் சட்டத்தில் இது வந்தது 2020 தொழில் உறவுத் தொகுப்பில்தான், அதுவும் 2025 நவம்பரில்தான் அமலானது: பல சங்கங்கள் இருந்தால் 51 சதவீதத் தொழிலாளர்கள் எதில் இருக்கிறார்களோ அதுவே பேசும் சங்கம், யாருக்கும் அந்த அளவு இல்லையென்றால் பேச்சுவார்த்தைக் குழு. தகராறை அரசு அனுப்பிவைத்தால்தான் தீர்ப்பாயம் என்ற பழைய முறையையும் அது எடுத்துவிட்டு நேரடியாகப் போகலாம் என்கிறது. கூடவே எல்லாத் தொழிலுக்கும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியது, சங்கங்களுக்கு அதில்தான் கோபம். சங்கம் வைக்கும் உரிமை, கூட்டுபேர உரிமை பற்றிய ஐ.எல்.ஓ. என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87, 98ஆம் உடன்படிக்கைகளை இந்தியா இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. அரசு ஊழியர்களுக்கு அந்த உரிமையை முழுசாகத் தர முடியாது என்பது அரசு சொல்லும் காரணம். 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் நீண்ட வேலைநிறுத்தத்திலும் மையமாக இருந்தது சங்கத்தின் பதிவும் அங்கீகாரமும்தான். சம்பளம் அதற்குப் பின்னால்தான் நின்றது.

கிரியைப் பற்றி எழுதுபவர்கள் அதிகம் தொடாத ஒரு வருடம் 1974. அந்த மே மாதம் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் லட்சக்கணக்கான ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றது கிரி உருவாக்கிய அதே சம்மேளனம். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தபோதே தலைவர்களை அரசு கைது செய்தது, ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள், பலர் வேலையை இழந்தார்கள், இருபது நாளில் போராட்டம் முறிந்தது. அப்போது ராஷ்டிரபதி பவனில் இருந்தவர் கிரி. குடியரசுத் தலைவருக்கு அரசியல் சட்டப்படி அமைச்சரவை சொல்வதை மீறிச் செய்ய அதிகம் ஒன்றுமில்லை என்பது உண்மை. ஆனால் 1954ல் ஒரு தீர்ப்பைத் திருத்தியதற்கே பதவியை விட்டவர், இருபது வருடம் கழித்துத் தன் சங்கத்தை அரசு நசுக்கியபோது பதவியில் நீடித்து, ஆகஸ்டில் காலம் முடிந்து சென்னைக்கு வந்தார். மறுவருடம் பாரத ரத்னா கொடுத்தார்கள்.